இன்ஷிராவுக்கு எத்தனை பிள்ளைகள்?

எங்கள் சந்தில் யாரிடம் போய் இன்ஷிராவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாலும் நேரான பதில் கிடைக்காது. "இருக்குதுங்க, அல்லா காப்பாத்துவான்" என்று மழுப்புவார்கள். அவளுடைய மாமியார் ஜலீலா ஹாஜியம்மாவிடம் கேட்டால் ஐந்து விரலையும் விரித்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவாள். அது எண்ணிக்கை இல்லை, உங்கள் கண்ணேறைத் திருப்பி அனுப்புகிற கை. கேட்டவள் நானாக இருந்தால் இரண்டு கையையும் நீட்டுவாள்.

ஏனென்றால் எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம். எங்கள் மன்சூரா ஊரில் பெண்களை அவரவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளையே இல்லாதவளை என்னவென்று கூப்பிடுவது? அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் மகராசர்கள்: உம்மு காயிப், இன்னும் வராதவனின் அம்மா. பதினேழு வருஷமாக வராதவன் இனி எந்தப் பஸ்ஸில் வரப்போகிறான்? ஆனாலும் காய்கறிக் கடைக்காரன் முதல் பள்ளிவாசல் இமாம் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயர் ஹிக்மத். அதைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே பிறவி இன்ஷிராதான்.

அவள் பிழைப்பு கத்தரிக்காய். சந்தை வாசலில் எங்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. ஒரு கோடியில் நான் உட்கார்ந்து சதகுப்பைக் கீரை, பார்ஸ்லி, கொத்தமல்லியைப் பொடியாக அரிந்து பொட்டலம் போடுவேன். மறு கோடியில் அவள் நீளக் கம்பியால் கத்தரிக்காயையும் சுரைக்காய்ப் பிஞ்சையும் குடைவாள். காயை இடது கையில் பிடித்து இரண்டு சுற்று சுற்றுவாள், உள்ளே இருக்கிற அத்தனையும் வெளியே வந்து விழும், தோல் கிழியாது. ஆபீஸுக்குப் போகிற பெண்கள் அதை வாங்கிப் போய் அரிசி திணித்து வேகவைத்து, தாங்களே குடைந்ததாகப் புருஷனிடம் பீற்றிக்கொள்வார்கள். "இந்த ஊர்ல பாதிக் குடும்பம் என் கம்பியாலதான்டி ஓடுது, இல்லேன்னா பாதிப் பேரு தலாக்கு வாங்கியிருப்பாளுக" என்பாள் இன்ஷிரா. வாய் அப்படி.

அவளுக்கு நாலு பிள்ளைகள். இதோ, சொல்லிவிட்டேன். நாலும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. எங்கள் ஊரில் இப்போதெல்லாம் வேறு வழியாகப் பிள்ளை வருவதே இல்லை. டாக்டருக்கு வியாழக்கிழமை கல்யாண வீடு இருந்தால் பிள்ளை புதன்கிழமையே பிறந்துவிடும். முதல் பிரசவத்தில், "உனக்கு இடுப்பு குறுகல்" என்றார்கள். அவள் இடுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய பொய் என்று. ஒருமுறை கிழித்த பிறகு அடுத்தடுத்தும் கிழிப்புதான். ஆனால் நாலு தடவையும் அதே கோட்டில் பிரித்து அதே கோட்டில் தைத்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஒரு தழும்புதான் தெரியும். நாலு தடவையும் புறா சூப் வைத்துத் தூக்கிக்கொண்டு போனவள் நான். எனக்குக் கணக்கு தப்பாது.

ஹாஜியம்மாவின் பயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் பெற்ற மூன்று ஆண் பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போனார்கள். நாலாவது பிறந்ததும், யார் கண்ணும் படாமல் இருக்கட்டும் என்று ஏழு வீட்டில் பழந்துணி பிச்சை எடுத்து, அந்தத் துணியை அவனுக்குப் போர்த்தி, ஷஹாத்தா என்று பெயர் வைத்தாள். பிச்சை என்று அர்த்தம். அவன்தான் இன்ஷிராவின் புருஷன், கெய்ரோ ரோட்டில் வேன் ஓட்டுகிறான். மூன்று பிள்ளையைப் புதைத்தவளிடம் போய்க் கண்ணாவது மண்ணாவது என்று பேச எனக்கு வாய் வராது. ஆனால் என்னைக் கண்டதும் பேரப்பிள்ளைகளை உள்ளே விரட்டிக் கதவைச் சாத்துவாளே, அப்போது பற்றிக்கொண்டு வரும்.

ஐந்தாவதாக இன்ஷிரா உண்டானதை யாருக்கும் சொல்லவில்லை. நாலு மாசம் முடியும் வரை சொல்லக் கூடாது என்பது மாமியார் சட்டம். பத்தாவது வாரத்தில் வயிற்றில் இருந்ததற்குத் துடிப்பு இல்லை என்று தெரிந்தது. அது எனக்குத் தெரிய வந்ததும் தற்செயல்தான். அதே நாள் அதே கிளினிக்கில் நானும் உட்கார்ந்திருந்தேன், மடியில் என் ஃபைலோடு. என் ஃபைல் நாலு கிலோ இருக்கும். டாக்டர் வக்தி புதிதாக ஏதோ ஊசி கொண்டுவந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள், விடாத ஆசை.

அந்தக் கிளினிக்கில் நர்ஸ் கூடத்தின் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்து, மீன் விற்கிறவள் குரலில்தான் கேள்வி கேட்பாள். நாற்பது பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"எத்தனை பிள்ளை? எத்தனை ஆபரேஷன்?"

இன்ஷிரா வாயைத் திறந்தாள். திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

"ஒரு பிள்ளையா, ஒரு ஆபரேஷனா?"

"எல்லாம் ஒண்ணுதான். எழுதிக்கம்மா."

எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பதினொரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டில் ஃபூல் என்கிற அவரை மசியல் தின்று, அவள் பிள்ளைக்குப் பேன் பார்த்தவள் நான். என் கண்ணுக்குப் பயந்து மூன்று பிள்ளைகளை ஒளிக்கிறாளா? எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஊசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று.

டாக்டர் வக்தி சீட்டில் 'ஒன்று' என்பதைப் படித்தார். வயிற்றில் ஒரு கோட்டைப் பார்த்தார். இரண்டும் பொருந்தியது. மறுநாள் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நாலாம் நாள் பெஞ்சுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் தலை நிமிரவில்லை. கீரையைப் பார்த்தபடி அரிந்துகொண்டிருந்தேன்.

"என்னடி, வாயில கீரையா?" என்றாள்.

"ஒரு பிள்ளைக்காரிகிட்ட எனக்கென்ன பேச்சு?"

கம்பியை எடுத்துக் குடையத் தொடங்கினாள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து பள்ளிவாசல் கழிப்பறைக்குப் போனாள். உதிரம் நிற்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். கோபம் என் கண்ணைக் கட்டியிருந்தது.

ஹாஜியம்மாவுக்கு மட்டும் காரணம் உடனே பிடிபட்டுவிட்டது. கத்தரிக்காய். பிள்ளை பெற்றவள், கரு கலைந்தவள் இருக்கிற அறைக்குள் கத்தரிக்காயோ பச்சை இறைச்சியோ புதிதாகச் சிரைத்த தாடியோ நுழைந்தால் அவள் உடம்பு தேறாமல் கட்டுப்பட்டுப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை முறிக்க, வெள்ளிக்கிழமை ஜும்மா பாங்கு சொல்லும்போது ஏழு கத்தரிக்காயைத் தரையில் வரிசையாக வைத்துத் தாண்ட வேண்டும்.

"ஹாஜியம்மா, நான் பொழைக்கிறதே அதுலதான். வீடு பூரா கத்தரிக்கா. என் பெட்ஷீட்டுல கத்தரிக்கா வாசனைன்னு உங்க மகன் அழுறான். இத்தனை நாளு கட்டாததா இப்பக் கட்டும்?"

"வாயை மூடிக்கிட்டுத் தாண்டு பொண்ணே!"

தாண்டினாள். தாண்டி முடித்ததும் அந்த ஏழையும் பொறுக்கி எடுத்துக் குடைந்து மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு விற்றுவிட்டாள். "அவ புருஷன் தின்னுட்டுக் கட்டுப்பட்டுக் கெடக்கட்டும், ஆஸ்பிரினுக்கு என்னா விலை சொல்றான்" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ரோஷம் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் உதிரம் நிற்காததால் மறுபடி ஏழு காய் வைத்தார்கள். அன்றைக்கு நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை. ஏன்டி அப்படிச் சொன்னே என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று. பாங்கு சொன்னார்கள். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டினாள். நாலாவது காயைத் தாண்டக் கால் எடுக்கும்போது நின்றாள். "ஹிக்மத்து" என்றாள். காலுக்குக் கீழே தரைவிரிப்பு சிவந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, குழாயைத் திறந்துவிட்டது போல. அப்படியே சரிந்தாள்.

நான் சண்டையை அங்கேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கினேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இன்று வரை தெரியாது. ஆண்கள் எல்லாரும் தொழுகையில் இருந்தார்கள். டுக்டுக் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தறுதலை மட்டும் தொழாமல் நிழலில் படுத்திருந்தான். அவன் வண்டியில்தான் நானும் ஹாஜியம்மாவும் அவளைக் கொண்டுபோனோம். அன்று முதல் அவனை நான் தொழச் சொல்லித் திட்டுவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மாஹினூர் என்று ஒரு பெண். இருபத்தெட்டு வயது இருக்கும், நாலு நாளாகத் தூங்காத முகம். வக்தியின் சீட்டை ஹாஜியம்மாவிடம் வாங்கிப் படித்தாள்.

"பத்து நாளைக்கு முன்ன சுத்தம் பண்ணியிருக்கு. உள்ள ஏதோ மிச்சம் இருக்கு. மறுபடி சுரண்டி எடுத்துரலாம். தியேட்டருக்குத் தள்ளுங்க" என்றாள். ஸ்ட்ரெச்சர் நகரும்போதே கேட்டாள்: "முன்னாடி வயித்தைக் கிழிச்சு எத்தனை பிரசவம்?"

"ஒண்ணு" என்றாள் ஹாஜியம்மா. சொல்லிவிட்டு என் பக்கம் ஐந்து விரலை நீட்டினாள், அந்த நேரத்திலும்.

டாக்டர் இன்ஷிராவின் மேல் குனிந்தாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. எத்தனை?"

இன்ஷிராவின் உதடு சுண்ணாம்பாக இருந்தது. "ஒண்ணு" என்று அது அசைந்தது.

நான் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் சும்மாதான் நின்றேன். எத்தனை என்றால் என்ன, சுரண்டுவது சுரண்டுவதுதானே என்று நினைத்தேன். அவளே ஒன்று என்கிறாள், நான் யார் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். பிள்ளை இல்லாதவள் வாயைத் திறந்து அடுத்தவள் பிள்ளைகளை எண்ணி, அதற்குப் பிறகு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், எங்கள் சந்தில் எனக்கு நிற்க இடம் இருக்காது. கத்தரிக்காயை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வார்கள். உம்மு காயிப் எண்ணினாள், இன்ஷிரா செத்தாள் என்று என் கல்லறை வரைக்கும் பேசுவார்கள். ஸ்ட்ரெச்சர் தியேட்டர் கதவுகிட்டே போய்விட்டது.

அப்போது அந்த டாக்டர் பொண்ணு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்: "ஒரே ஆபரேஷன்னா இவ்வளவு ரத்தம் வராதே."

"நாலு!" என்று கத்தினேன். "நாலு டாக்டரம்மா! நாலும் கிழிச்சதுதான்! ஒரே எடத்துல பிரிச்சு ஒரே எடத்துல தைச்சாங்க, அதான் ஒண்ணாத் தெரியுது. நாலு தடவையும் நான்தான் சூப்பு கொண்டுபோனேன்!"

ஹாஜியம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். அவள் மோதிரம் என் உதட்டைக் கிழித்தது. விரல் இடுக்கு வழியாக இன்னொரு தரமும் கத்தினேன்: "நாலு!"

"நிறுத்துங்க!" என்றாள் டாக்டர். ஸ்ட்ரெச்சர் நின்றது. ஸ்கேன் மெஷினை அங்கேயே உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் அந்தச் சாம்பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். பிறகுதான் எங்களிடம் திரும்பினாள்.

"புள்ள போயிருச்சு, ஆனா நஞ்சுக்கொடி போகல. பழைய தையல் தழும்புக்குள்ள வேர் விட்டு, சதையோட சதையாப் பிடிச்சிருக்கு. அதைச் சுரண்டப் போனா கர்ப்பப்பையே கிழிஞ்சு வரும். இப்ப நான் சுரண்டியிருந்தேன்னா மேஜையிலயே போயிருப்பாங்க." ஹாஜியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா கேடு?"

முதலில் உள்ளே பலூன் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். ஷஹாத்தாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். வேனில் பதினாலு பேரோடு கெய்ரோ ரோட்டில் போய்க்கொண்டிருந்தான்.

"எடுங்க டாக்டரம்மா! எதை வேணும்னாலும் எடுங்க! அவளை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் எடுங்க!" என்று அழுதான்.

பின்னாலிருந்து முன்பின் தெரியாத குரல்கள்: "ஆமா, எடுக்கச் சொல்லுங்க! நல்லாருப்பாங்க!" "டேய், வண்டியைத் திருப்புடா, கெய்ரோ எங்கயும் ஓடிறாது!"

வண்டியை நிஜமாகவே திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு இன்ஷிராவுக்காக ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் ஆறு பேர் அந்த வேன் பயணிகள். ஒருத்தர் கையில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சரவிளக்கு வேறு.

நானும் வரிசையில் நின்றேன். ஹாஜியம்மா ஓடி வந்து ரத்த வங்கிக்காரனிடம், "இவளுது வேணாம், வேற யாரோடதாவது எடுங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது உங்க மருமகளுக்குப் போறதில்ல ஹாஜியம்மா. எடுத்ததுக்குப் பதிலா வங்கியில வைக்கிறோம். வேற யாருக்காவது போகும்."

"அப்பச் சரி, எடு" என்றாள்.

இந்த ஊரில் எவனோ ஒருவன் என் கண்ணேறை அரை லிட்டர் உடம்பில் ஏற்றிக்கொண்டு திரிகிறான். பாவம், நன்றாக இருக்கட்டும்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். மாஹினூர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினாள். "பொழைச்சுட்டாங்க" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "இவங்க சொன்ன அந்த நாலுதான் காப்பாத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஓவென்று அழுதேன். ஹாஜியம்மா அழவில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தருகிற கொய்யா ஜூஸ் டப்பா ஒன்று என் மடியில் திறக்காமல் கிடந்தது. அதை எடுத்து ஸ்ட்ரா குத்தி என் வாய்கிட்டே நீட்டினாள்.

"குடி. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றாள். அவள் மோதிரம் பட்டுக் கிழிந்த என் உதட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாசம் கழித்து இன்ஷிரா பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். கம்பியை எடுத்து ஒரு கத்தரிக்காயில் விட்டுச் சுற்றி, உள்ளே இருந்ததை வெளியே தட்டினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பார்த்தியாடி, என்னையும் குடைஞ்சுட்டானுக. ஆனா தோல் கிழியாமக் குடையத் தெரியல. என்னைக் கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்."

சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். எனக்கு அதற்கு மேல் மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"இன்ஷிரா, ஒண்ணு கேப்பேன். பொய் சொன்னா இந்தக் கத்தியாலயே குத்துவேன். கிளினிக்குல ஏன் ஒண்ணுன்னு சொன்னே? என் கண்ணுக்குப் பயந்தா?"

அவள் இன்னொரு காயை எடுத்தாள். எடுத்ததைக் குடையாமல் வைத்தாள்.

"பயம் இருந்துச்சு. இல்லேன்னு சொன்னா அது பொய். பத்து வருஷமா அந்தக் கிழவி காதுல ஊதி ஊதி எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு" என்றாள். "ஆனா அது பாதிதான்."

"மீதிப் பாதி?"

"உன் மடியில அந்த ஃபைலு இருந்துச்சு. இவ்ளோ தடிமன். அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. நாற்பது பேரு முன்னால, உன் முன்னால, நாலுன்னு எப்படிடி கத்துவேன்? வாயி வரல."

பயந்தாள் என்றே இருந்திருக்கலாம். பயத்துக்கு நான் பழகியவள், திருப்பித் திட்டத் தெரியும். என்னைப் பார்த்து இரங்கித் தன் உயிரையே கொடுக்கப் பார்த்திருக்கிறாளே, இந்தக் கழுதையை என்ன சொல்லித் திட்டுவது? கையில் இருந்த கீரைக் கட்டால் அவள் தலையில் அடித்தேன். இரண்டு தரம் அடித்தேன்.

"இனிமே எனக்காக ஒரு புள்ளையைக் கூட ஒளிக்காதே, செருப்பால அடிப்பேன்."

"சரிடி, அடிக்காதே, தையல் போயிரும்!"

அந்த நேரத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் இரண்டு கிலோ குடைந்த காய் வாங்க வந்து நின்றாள். பேச்சுக் கொடுக்கிற ரகம். பையைக் கட்டும் வரை சும்மா இருக்க முடியாமல், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க அக்கா?" என்று கேட்டாள்.

எதிர்க் கடை நிழலில் ஜலீலா ஹாஜியம்மா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். கை தானாக மடியிலிருந்து எழுந்தது. என் பக்கம் பார்த்தாள். விரல் விரியவில்லை. கை மறுபடி பூண்டில் போய் உட்கார்ந்தது.

இன்ஷிரா காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஹிக்மத்தைக் கேளும்மா. அவளுக்குத்தான் சரியாத் தெரியும்."

"நாலு" என்றேன். சந்தை பூராவும் கேட்கிற மாதிரி, சத்தமாகத்தான் சொன்னேன்.